வேப்பெண்ணெய் மாம்பழம்

கத்தியைத் துடைக்க மறந்தது நான்தான். மாம்பழத்தை நறுக்கியதும் நான்தான்.

ஆகவே, என் தங்கையைப் பெண் பார்க்கச் சிவகிரியிலிருந்து வந்தவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாகக் கோணியதை, தரை டிக்கெட்டுக்காரன் நாடகம் பார்க்கிற மாதிரி மிக அருகில் உட்கார்ந்து பார்த்ததும் நான்தான்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் நாறும்பூநாதன் ஒரு துண்டை வாயில் போட்டார். மெல்லுவதைப் பாதியில் நிறுத்தினார். துப்பவும் வழியில்லை, விழுங்கவும் வழியில்லை.

"அண்ணாச்சி, இது என்ன ரகம்?"

"மலைப்பழம்," என்றேன். வேறு என்ன சொல்ல?

மாப்பிள்ளை மட்டும் பேசாமல் விழுங்கிவிட்டார். அந்த ஒரு துண்டிலேயே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

கத்தி, கொழும்பில் கடை வைத்திருந்த அத்தான் கொண்டுவந்து தந்த மடக்குக்கத்தி. நல்ல இரும்பு. ஆனால் குற்றாலத்துச் சாரலுக்குக் கொழும்பு இரும்பு, உள்ளூர் இரும்பு என்ற பேதமெல்லாம் கிடையாது. ஆனி பிறந்தால் எங்கள் வீட்டில் பெட்டிப் பூட்டு, குடைக் கம்பி, அரிவாள்மனை எல்லாம் செம்பட்டை பூத்துவிடும்.

போன வருஷம், நயா பைசா வந்த சமயம், பெண் பார்க்க வந்த கடையநல்லூர்க்காரர்களுக்கு இதே கத்தியால்தான் கொய்யா நறுக்கினேன். வெள்ளைச் சதையில் கோடு போட்டாற்போலத் துரு. "ஊருக்குப் போய் லெட்டர் போடுதோம்" என்று எழுந்து போனார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் தெருத் தபால்காரருக்கும் தெரியும்.

அன்றிலிருந்து துருவுக்கும் எனக்கும் சண்டை. தங்கை முத்துவடிவுக்குக் கல்யாணம் தட்டிப்போவதற்குக் காரணம் துரு என்று முடிவு கட்டிவிட்டேன். வேறு காரணம் யோசிக்கிற அளவுக்கு என்னிடம் தெம்பு இல்லை.

தேங்காயெண்ணெய் பூசிப் பார்த்தேன். எறும்புகள் குடும்பத்தோடு வந்து மடிப்புக்குள் குடியேறின. சைக்கிள் கடை சுடலைமாடன் கொஞ்சம் கிரீஸ் வழித்துக் கொடுத்தான். கூடவே, "இத வச்சு ஆளக் குத்தலாம், பழத்தக் குத்தாதீக அண்ணாச்சி," என்று எச்சரிக்கையும் கொடுத்தான்.

கடைசியில் நானே ஒரு பக்குவம் கண்டுபிடித்தேன். தேன்மெழுகை உருக்கி, எறும்பு அண்டாமல் இருக்க வேப்பெண்ணெய் கலந்து, கத்தியை லேசாக அனலில் காட்டி, பழைய வேட்டித் துணியால் மெல்லிசாகப் பூச வேண்டும். தண்ணீர் பட்டால் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும்.

துரு கிட்டே வரவில்லை. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கிற மதராஸ்காரரைப் போலக் கத்தி மினுமினுத்தது.

நறுக்குமுன் வெந்நீரில் கழுவித் துடைக்க வேண்டும் என்பதும் என் பக்குவத்தில் உண்டு. வாசலில் குதிரைவண்டிச் சத்தம் கேட்டதும் அது மறந்துவிட்டது. பதற்றத்தில் நறுக்கி முத்துவடிவு கையில் கொடுத்தேன். அவள் அடுக்களைக்குள் கொண்டுபோய்த் தட்டில் அடுக்கினாள். முந்தானையால் வாயை ஒற்றிக்கொண்டு, தலை நிமிராமல் கொண்டுவந்து வைத்தாள்.

பிறகு நடந்ததுதான் தெரியுமே.

"ஊருக்குப் போயி லெட்டர் போடுதோம்," என்று நாறும்பூநாதன் எழுந்தார். வாசல் வரை கூடவே போனேன். எத்தனையோ பேர் வந்து போயாயிற்று. ஆம், இல்லை என்று இரண்டில் ஒன்றை என் முகத்தைப் பார்த்துச் சொன்னவர் யாருமில்லை.

வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "நேராச் சொல்லிருங்க. பொண்ணப் பிடிச்சிருக்கா, இல்லியா?"

அவர் வானத்தைப் பார்த்தார். "சாரல் வலுக்குது. உள்ள போங்க அண்ணாச்சி."

உள்ளே வந்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். தங்கை கழுத்தில் தாலி ஏறாமல் அண்ணன் மணவறைக்குப் போகக் கூடாது என்பது எங்கள் வீட்டு முறை. எனக்குக் காதோரம் நரைத்துவிட்டது. அதற்குத்தான் இன்னும் பூச்சு கண்டுபிடிக்கவில்லை.

முத்துவடிவு தட்டை எடுத்து வைத்தாள். வெந்நீரில் கத்தியைக் கழுவினாள். ஈரம் போகத் துடைத்து, மெழுகைத் தொட்டுப் பூச ஆரம்பித்தாள். நான் பூசுவதைவிட நன்றாகவே பூசினாள்.

"எல்லாம் என்னாலதான் தாயி," என்றேன். "துடைக்காம நறுக்கிட்டேன்."

அவள் கை நிற்கவில்லை. "தட்டுல வைக்கும்போதே ஒரு துண்டு தின்னு பாத்தேண்ணே. கசந்துது."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. "பெறவு ஏன் கொண்டாந்து வச்சே?"

"கொய்யாவையும் பாத்துத்தான் வச்சேன்."

ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கத்தியை மடக்கி என் உள்ளங்கையில் வைத்தாள்.

"வண்டியப் பிடிச்சுட்டு அவுககிட்ட கேட்டியே, பிடிச்சிருக்கா இல்லியான்னு. என்கிட்ட ஒருநாளாவது கேட்டியா?"

கேட்டதில்லை. பொருத்தம் கேட்டிருக்கிறேன், நாள் கேட்டிருக்கிறேன், எறும்புக்கு என்ன பிடிக்காது என்றுகூட விசாரித்திருக்கிறேன்.

"உனக்குக் கல்யாணம் வேணுமா, வேண்டாமா?" என்றேன்.

"வேண்டாம்ணே."

என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.