ஒரே பெயரில் இரண்டு மடல்

“இடது பக்கம் இருக்கறவரு பிசாசு. வலது பக்கம் இருக்கறவரு தெய்வம். ஆனா ரெண்டு பேரும் ஒரே ஆளுதான்க்கா!”

டிசைனர் பெண் திரையைக் காட்டிச் சொல்ல, பக்கத்து மேஜையில் ப்ரூஃப் பார்க்கும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். திரையின் இடது பாதியில் ஆபீஸ் கம்ப்யூட்டரின் ஃபோல்டர், வலது பாதியில் டிசைனரின் லேப்டாப் ஃபோல்டர். எல்லா ஃபைலும் சமர்த்தாகக் கறுப்பில் இருக்க, ‘பிரிவு மடல்’ என்பது மட்டும் சிவப்பில் முறைத்தது. பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் சரக்கு வேறு என்று அர்த்தம்.

இயந்திரங்களுக்குக் கையேடு தயாரிக்கும் அந்த ஆபீஸின் மேனேஜர் அன்றோடு ஓய்வு பெறுவதால், மாலையில் அவருக்குப் பிரிவு விழா. அவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் ‘அலாரம்’. எல்லோரும் நேரத்துக்கு வரவேண்டும் என்று சுவர்க் கடிகாரத்திலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டர்வரை எல்லாவற்றையும் கால் மணி நேரம் முன்னால் தள்ளி வைத்த புண்ணியவான்.

அவருக்குக் கொடுக்கும் மடலை எழுதுகிற பொறுப்பு டிசைனர் தலையில் விழுந்தது. சாப்பாட்டு வேளையில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, அக்காவைச் சிரிக்க வைப்பதற்காக மனசில் இருந்ததையெல்லாம் கொட்டி ஒன்று அடித்தாள். அந்த நேரம் பார்த்து அலாரம் அந்தப் பக்கம் வரவே, சட்டென்று சேமித்துவிட்டுத் திரையை அணைத்தாள். லேப்டாப்போடு சாப்பாட்டு அறைக்குப் போய், தேன் ஒழுக ஒழுக இன்னொன்று எழுதி அதே பெயரில் சேமித்தாள்.

“விளையாட்டு வினையாயிடப் போகுதுடி. உன்னை நிரந்தரம் பண்ற உத்தரவு அவர் மேஜையில கிடக்கு. மூணு வருஷமா டெம்பரரியா இருக்கே. இன்னிக்குக் கையெழுத்து விழலைன்னா நாளைக்கு நீ வீட்டுலதான்” என்று எச்சரித்தாள் அக்கா.

“நான் எதுக்குக்கா இருக்கேன்? ‘புதுசை வெச்சுக்கோ’ன்னு ஒரு தட்டு தட்டினா, பழசு மேல புதுசு ஏறி உக்காந்துக்கும். பேக்கப் டிஸ்க்லயும் அதே கதைதான். பிசாசு இருந்த தடமே இருக்காது.”

தட்டினாள். சிவப்பு மறைந்து, இரண்டு பக்கமும் சமம் என்று வந்தது. அதே சூட்டோடு மடலைப் பிரிண்ட் கடைக்கு அனுப்பி, கண்ணாடிச் சட்டம் போட்டு நேரே ஹாலுக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டாள்.

அப்போது இரண்டு பேர் பளபளவென்று ஒரு புது சுழல் நாற்காலியை மேனேஜர் அறைக்குள் தூக்கிக்கொண்டு போனார்கள்.

“அடுத்து வர்ற மகராசனுக்கு இப்பவே தடபுடலைப் பாரேன்” என்றாள் அக்கா.

நாலு மணிக்கு ஹால் நிரம்பியது. மாலையும் கழுத்துமாக அலாரம் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஆளாளுக்கு எழுந்து அவரைப் புகழ்ந்து தள்ள, டிசைனர் தன் முறைக்காக மடலை ஒருதரம் படித்துக்கொள்ளலாமே என்று லேப்டாப்பைத் திறந்தாள். அவள் முகம் வெளுத்துப் போனது.

“அக்கா, தெய்வத்தைக் காணோம்! பிசாசுதான் இருக்கு!”

“என்னடி சொல்றே? நீ புதுசைத்தானே வெச்சுக்கச் சொன்னே?”

“இவர் தள்ளி வெச்ச கடிகாரம்க்கா! ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஒரு மணிக்கு அடிச்சது ஒண்ணேகால்னு பதிஞ்சிருக்கு. லேப்டாப்ல ஒண்ணு பத்துக்கு எழுதினது பழசாயிடுச்சு.”

“பேக்கப்?”

“அதுலயும் பிசாசைத்தான் பத்திரமா வெச்சிருக்கேன்.”

அதற்குள் மேனேஜர் கையில் சட்டம் ஏறிவிட்டது. கலர் பேப்பரைக் கிழித்தவர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணீரென்று படிக்கவே ஆரம்பித்துவிட்டார்.

“‘கடிகாரத்தை ஓட வைத்தீர்கள், கூடவே எங்களையும் ஓட வைத்தீர்கள். தங்கள் அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் எங்கள் வயிற்றில் புளியைக் கரைத்தீர்கள். தாங்கள் நீடூழி வாழ்க, எங்கேயாவது தூரத்தில்!’”

அக்கா மேஜைக்கு அடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

“யார் எழுதினது?”

டிசைனர் எழுந்தாள். “நான்தான் சார். தெரியாம...”

“தெரியாம எழுதின மாதிரி இல்லையே. நல்லா தெரிஞ்சவங்க எழுதின மாதிரில்ல இருக்கு?” என்றவர், பியூனைப் பார்த்து, “என் மேஜையில இந்தப் பொண்ணோட ஃபைல் இருக்கும், எடுத்துட்டு வா” என்றார்.

ஃபைல் வந்தது. தொலைந்தோம் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பேனா கிறீச்சிடும் சத்தம் கேட்டது. திறந்து பார்த்தால், உத்தரவில் பச்சை மையில் கையெழுத்து.

“இந்தா, இன்னியிலேர்ந்து நீ நிரந்தரம். முப்பது வருஷத்துல என் மூஞ்சிக்கு நேரா உண்மையைச் சொன்னவ நீ ஒருத்திதான்மா.”

இப்படிப்பட்ட மனிதரையா பிசாசாக எழுதினோம் என்று நொந்துகொண்டாள். பொலபொலவென்று கண்ணீர் கொட்ட, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “மன்னிச்சுடுங்க சார். நீங்க போகவே கூடாது சார்!” என்று தேம்பினாள்.

மேனேஜர் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நிதானமாகப் பிரித்தார்.

“அழாதம்மா. எல்லாரும் என்னைப் பத்தி என்ன நினைக்கறீங்கன்னு தெரியட்டுமேன்னுதான் காலையிலேர்ந்து சொல்லலை. எனக்கு ரெண்டு வருஷம் எக்ஸ்டென்ஷன் குடுத்துட்டாங்க!”