பூட்டிய மண்டியில் ஒரு சிரிப்பு

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு உண்டு. அவசரப்படாதீர்கள், தராசே இன்னும் காத்துக்கொண்டுதான் இருக்கிறது.

செங்கோடனின் அரிசி மண்டி நஷ்டத்தில் மூழ்கியது. மூட்டையெல்லாம் ஏலத்தில் போனது. யாரும் கேட்காத பழைய தராசு மட்டும் பூட்டிய மண்டிக்குள் தொங்கியது. ஜன்னல் கம்பியில் உட்கார்ந்து எல்லார் குரலையும் பேசிக் காட்டும் மைனாதான் அதற்குத் துணை.

"ஏம்ப்பா, குருணையைக் கலந்துட்டியா?" என்று வாடிக்கைக்காரர் மாதிரி இழுத்தது மைனா.

"முதலாளி மாதிரி பேசேன்," என்றது தராசு. "அவரு திரும்பி வந்து கடையைத் திறக்கற வரைக்கும் அந்தக் குரலாவது கேக்கட்டும்."

"அதுதான் பெரிய சிரிப்பு. அப்புறம் பாக்கலாம்," என்று பேச்சை மாற்றிய மைனா, கொய்யாத் துண்டு ஒன்றைக் கவ்விக்கொண்டது.

சட்டென்று முதலாளியின் அதே கணீர்க் குரல் கேட்டது. "டீ, டீ! சூடா இஞ்சி டீ! வாங்கண்ணே, இப்பத்தான் போட்டது!"

தராசு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. "அடப்பாவி! மண்டி முதலாளியவே டீ விக்க வெச்சுட்டியே!"

மைனா சிரிக்கவில்லை. அதன் வாயில் கொய்யா அப்படியே இருந்தது. குரல் மட்டும் தெருவோடு நகர்ந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

தராசின் தட்டுகள் மெல்ல ஆடி நின்றன.

"அப்போ... பேசினது நீ இல்லையா?"