யாரும் கை வைக்க வேண்டாம்

எழுத்தையெல்லாம் ஒன்றும் பூஜ்யமுமாக மாற்றி, மறுபடியும் எழுத்தாக்கும் புரோகிராம்; கம்பெனிக்குப் புதிதாக வந்த அவள் எழுதியது. அது சரியாக ஓடினால்தான் அவளுக்கு வேலை நிரந்தரம்.

"என்னம்மா இது? வாடிக்கையாளர் தமிழ்ல எழுதின புகாரை உள்ள அனுப்பினா, வெறும் கேள்விக்குறியா வெளிய வருது!" மேனேஜர் மேஜையைத் தட்டினார். "புதுசா வந்தவங்களை நம்பினா இப்படித்தான்."

அவள் அசரவில்லை. "நீங்களே தமிழ்ல ஏதாவது அடிச்சுப் பாருங்க சார்."

'வேலை போச்சு' என்று அடித்தார். ஒன்றும் பூஜ்யமுமாகத் திரை நிறைந்தது. அடுத்த நொடியே 'வேலை போச்சு' என்று அட்சரம் பிசகாமல் திரும்பி வந்தது.

"அப்போ அந்தப் புகார்?"

"என்கிட்ட வரும்போதே கேள்விக்குறியாத்தான் சார் வந்துது. புகாரைச் சேமிச்சு வைக்கிற பழைய புரோகிராம்ல இங்கிலீஷ் எழுத்துக்கு மட்டும்தான் இடம் விட்டிருக்காங்க. தமிழ் அதுல அடங்காது."

"எந்த அறிவாளி எழுதினது அதை?"

அவள் அந்தப் பழைய புரோகிராமைத் திறந்து காட்டினாள். முதல் வரியில் மேனேஜரின் பெயரே இருந்தது. அதற்குக் கீழே, 'நன்றாக ஓடுகிறது. யாரும் கை வைக்க வேண்டாம்.'

மேனேஜர் அவளுடைய பணி நிரந்தர உத்தரவை எடுத்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

வாங்கிக்கொண்டு அவள் கேட்டாள், "இப்ப கை வைக்கலாமா சார்?"