மூன்றடி சன்ஷேடு

"லஞ்சம் கேட்டிருந்தாக்கூடக் கொடுத்துத் தொலைச்சிருக்கலாம்!"

புது வீட்டு வாசலில் இடுப்பில் கை வைத்து நின்று பொருமினாள் மருந்துக்கடை அக்கா.

நகராட்சிக் கட்டட ஆய்வாளர் லஞ்சம் கேட்கவில்லை. ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. எந்நேரமும் கையில் அளவு டேப்போடு திரிவதால் ஊருக்குள் அவர் பெயர் 'டேப் சார்'.

கடையில் வருஷக்கணக்காக நின்று, கால் வீங்கிக் கட்டிய வீடு. முகப்புக்கு ஆசை ஆசையாகப் படம் போட்டு வாங்கியிருந்தாள் அக்கா. கீழிருந்து மேல்வரை வழவழவென்று ஒரே வெள்ளைச் சுவர். ஒரு துருத்தல் கிடையாது.

படத்தைப் பார்த்த டேப் சார், அன்றைக்கே தலையை ஆட்டிவிட்டார்.

"முகப்பு நீளத்துக்கும் மூணடி சன்ஷேடு நீட்டணும்மா. நடைபாதைக்கு மேலே வரணும். விதி."

"சாரல் அடிச்சா என் வீட்டுக்குள்ளதானே சார் அடிக்கும்? உங்களுக்கென்ன?"

"விதி."

"வீடு தொப்பி போட்டுக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கும் சார்."

"சன்ஷேடு இல்லைன்னா சான்று கிடையாது. சான்று இல்லைன்னா தண்ணி இணைப்பு கிடையாது. விதிம்மா."

கிளிப்பிள்ளைக்காவது நாலு வார்த்தை தெரியும். இந்த மனுஷனுக்கு ஒன்றே ஒன்று.

வேறு வழி? கட்டினாள். குடியும் வந்தாயிற்று. இன்று காலை வீட்டைப் பார்க்க வந்த அவள் தம்பி, வக்கீல், வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தான்.

"எதுக்குக்கா இது?"

"விதியாம்டா."

"எந்த விதி? சுவருக்கு என்ன நிறம், காம்பவுண்டு எவ்வளவு உயரம், கூரை எவ்வளவு சரிவு, எல்லாத்துக்கும் நகராட்சி விதி வச்சிருக்கு. சன்ஷேடு பத்தி ஒரு வரிகூடக் கிடையாது. யாரோ உன் காதுல நல்லாப் பூ சுத்தியிருக்காங்க."

அக்காவுக்கு உள்ளங்காலில் பற்றிய நெருப்பு உச்சந்தலைக்கு ஏறியது.

"இன்னைக்கு அந்த ஆளோட வேலையைப் பிடுங்காம இந்த வீட்டுப் படி ஏறமாட்டேன்!"

"வானம் இருட்டிக்கிட்டு இருக்கு. குடையை எடுத்துட்டுப் போ" என்றார் கணவர், செய்தித்தாளை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"நான் கொதிக்கிற கொதிப்புல மழை மேல படுறதுக்குள்ள ஆவியாயிடும்!"

நகராட்சி அலுவலகம் அதே தெருவின் கோடியில், ஆஸ்பத்திரியை ஒட்டி இருந்தது. பாதித் தெரு போவதற்குள் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. சாலையை அகலப்படுத்துகிறோம் என்று இருந்த மரத்தையெல்லாம் வெட்டித் தள்ளிய தெரு. அக்கா சட்டென்று சுவரோரம் ஒதுங்கினாள்.

ஒதுங்கிய பிறகுதான் பார்த்தாள். தலைக்கு மேலே சன்ஷேடு. அதே மூன்றடி. அடுத்த வீட்டுக்கும் அதே மாதிரி. அதற்கடுத்த வீட்டுக்கும்.

'ஓகோ, தெருவையே ஏமாத்தியிருக்கானா!'

நிற்காமல் நடந்தாள். கோபத்தில் இருப்பவளுக்கு மழை நிற்கும்வரை காத்திருக்கப் பொறுமை ஏது? பழைய வீடுகள் குறுக்கிட்ட இடத்தில் மட்டும் ஒரு ஓட்டம். மற்றபடி புடவைத் தலைப்புகூட நனையவில்லை.

அவள் மட்டும் நடக்கவில்லை. மாவுக்கட்டுப் போட்ட காலோடு ஒருவர் சுவரைப் பிடித்துப் பிடித்து எதிரே வந்தார். அவளுக்கு முன்னால், துணியில் சுற்றிய குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் ஆஸ்பத்திரிப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.

"குழந்தைக்கு என்னம்மா?"

"ரெண்டு நாளாக் காய்ச்சல்க்கா. நீங்க இந்தத் தெருவா?"

"ஆமா. அதோ, புதுசா ஒரு வெள்ளை வீடு இருக்கே, அது."

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது.

"உங்க வீடுதானா! அந்த இடத்துலதான் எப்பவும் ரொம்ப நனைஞ்சுக்கிட்டே ஓடுவோம்க்கா. பஸ் ஸ்டாப்புலேர்ந்து ஆஸ்பத்திரி வரைக்கும் இப்பத்தான் ஓரளவு நிம்மதியா நடக்க முடியுது. இந்தத் தெருவுல வீடு கட்டறவங்க எல்லாருக்குமே தங்க மனசு. யாரும் சொல்லாமலே எங்களுக்காகக் கட்டி வச்சிருக்கீங்க. நல்லா இருங்க."

அக்கா மிச்சத் தூரம் தலையைக் குனிந்தபடியே நடந்தாள்.

நகராட்சி ஆணையர் அறைக்குள் நுழைந்தபோது, மேசைக்குப் பக்கத்தில் டேப் சார் நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிப்போனது.

"என்னம்மா விஷயம்?" என்றார் ஆணையர்.

"ஒரு புகார் சார். சன்ஷேடு பத்தி."

டேப் சார் கையிலிருந்த டேப்பை இழுப்பதும் விடுவதுமாக இருந்தார்.

"புது வீட்டு முகப்புல சன்ஷேடு நீட்டணும்னு உங்க விதியில ஒரு வரிகூட இல்லையாமே?"

ஆணையர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இல்லைதான். ஏன், யாராவது கட்டச் சொல்லி வற்புறுத்தினாங்களா? பேரைச் சொல்லுங்க, உடனே நடவடிக்கை எடுக்கறேன்."

டேப் சார் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அக்கா அவரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, காரியம் முடியாமல் எழுந்திருக்கமாட்டேன் என்பதுபோல் உட்கார்ந்தாள்.

"சேச்சே, யாரும் சொல்லலை சார். எங்க தெருவுல எல்லாரும் நாங்களா விரும்பித்தான் கட்டினோம். ஆனா இனிமே வீடு கட்டறவங்களும் எங்களை மாதிரியே நல்லவங்களா இருப்பாங்கன்னு என்ன நிச்சயம்? முதல்ல அதை விதியா எழுதுங்க!"