பக்கத்து இருக்கை

தன்ஷிகாவின் ஆன்லைன் வகுப்பில் நிஜமான மாணவி அவள் ஒருத்திதான். தனியாகப் படித்தால் சலிப்புத் தட்டும் என்று மற்றவர்களையெல்லாம் கல்லூரியே கணினியில் உருவாக்கித் தந்திருந்தது. பக்கத்து இருக்கைக் குந்தவிக்கு வாய் ஓயாது. பாடம் நடக்கும்போதே ஆசிரியருக்குப் பட்டப்பெயர் வைப்பாள். சிரித்து மாட்டிக்கொண்டு திட்டு வாங்குவது தன்ஷிகா.

கடைசித் தேர்வில் தேறிவிட்டால் வகுப்பு கலைந்துவிடும். குந்தவியும் இருக்கமாட்டாள்.

"அது வெறும் புரோகிராம்டி. ஒழுங்கா பாஸ் பண்ற வழியப் பாரு," என்றான் கணவன் நிதர்சன்.

"ஆமா, ஒங்க நிஜ ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ரொம்பக் கிழிச்சாங்க!"

தேர்வில் எல்லாக் கேள்விகளுக்கும் அவளுக்கு விடை தெரிந்திருந்தது. ஆனாலும் ஓர் எழுத்துக்கூட எழுதாமல் அனுப்பிவிட்டாள்.

முடிவு வந்த அன்று நிதர்சன் தலையில் அடித்துக்கொண்டான். "நாப்பத்தஞ்சு வயசுல அரியரா! வெளிய சொல்லிடாத."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வகுப்பைத் திறந்தாள். குந்தவியிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது.

"ஏய், எனக்கு ஊத்திக்கிச்சுடி! எல்லாம் தெரியும், வேணும்னேதான் எழுதல. நீ பாஸாயிட்டேன்னு மட்டும் சொல்லித் தொலைச்சிடாத!"