முள்ளம்பன்றியின் ஆயுதக் கடை

ஒரு முள்ளம்பன்றி தன் முதுகு முள்ளையே பிடுங்கி ஆயுதமாக விற்று வந்தது. வாங்க வருபவர்களுக்கு அரசியல் பேச்சு இலவசம்.

முதலில் முயல் வந்தது. "அண்ணே, முள் விற்பனைக்கு யானை ஆபீஸிலிருந்து புது விதி அனுப்பியிருக்காங்களாமே?"

"ஒரு கட்டு அனுப்பியிருக்காங்க, யார் படிக்கிறது? இன்னைக்கு முள்ளுக்கு விதி போடுவான், நாளைக்குக் கொட்டாவிக்கும் போடுவான். ஆளுக்கொரு முள் இருந்தா காட்டுல சண்டையே வராது தம்பி!" என்று முழங்கிய முள்ளம்பன்றி, அந்தக் கட்டிலிருந்து ஒரு தாளை உருவி, முள்ளைச் சுற்றிக் கொடுத்தது.

மான், கீரி, குரங்கு என்று எல்லாமே வாங்கிப் போயின. கடைசியாக நரி வந்தது. மிச்சமிருந்த ஒரே முள்ளையும் அதற்கு விற்றுவிட்டு, முள்ளம்பன்றி வழவழவென்று நின்றது.

நரி அங்கேயே பொட்டலத்தைப் பிரித்து, முள்ளை முள்ளம்பன்றியின் மூக்குக்கு நேராக நீட்டியது.

"அடப்பாவி! இதைக் கேட்க இந்தக் காட்டுல ஒரு விதி கிடையாதா?" என்று அலறியது முள்ளம்பன்றி.

நரி பொட்டலத் தாளை நிதானமாகப் படித்தது.

"இருக்கே அண்ணே. 'கடைக்காரர் தன் கடைசி முள்ளை விற்கக் கூடாது. நரிக்கு விற்கவே கூடாது.'"