நிலவறை வாசலில் இருவர்

போர் தொடங்கிய பிறகு ஆன்ட்வெர்ப் நகரில் இரத்தக் காட்டேரிகளை வேட்டையாட ஆளில்லாமல் போயிற்று. கணவனும் மனைவியுமாக இரண்டு காட்டேரிகள் வேட்டைக்காரர்களையே தேடித் தேடித் தீர்த்துக்கட்டின. மிஞ்சியவர் கிழவர் யோரிஸ் மட்டும்தான். கூப்பிடாமல் அவற்றால் எந்த வாசலையும் தாண்ட முடியாது என்பதால், அவர் யாரையும் வீட்டுக்குள் கூப்பிடுவதில்லை.

குண்டுவீச்சின்போது தெருவே ஒளிந்துகொள்ளும் நிலவறைக்கு அவர்தான் பொறுப்பாளர். அன்று மாலை சங்கு ஊதியதும் ஜனங்கள் போர்வையும் பிள்ளைகளுமாக இறங்கினார்கள். கடைசியில் ஓர் இளம் ஜோடி மட்டும் வாசற்படியிலேயே நின்றது. பக்கத்துத் தெருவில் குண்டு விழுந்தது.

"அங்க என்னய்யா வேடிக்கை? உள்ள வந்து தொலைங்க!" என்று கத்தினார் யோரிஸ், எல்லோரையும் விரட்டுவதுபோலவே.

"இதுக்குத்தாங்க காத்திருந்தோம்" என்று சிரித்தபடி இருவரும் இறங்கினார்கள்.

அவர் இரும்புக் கதவைத் தாழிட்டார். ஆபத்து நீங்கியதென்று மறுசங்கு ஊதும்வரை அதைத் திறக்கக் கூடாது. விளக்கோடு திரும்பினார். குளிரில் எல்லோருடைய மூச்சும் புகையாக வந்துகொண்டிருந்தது. அந்த இருவருக்கு மட்டும் வரவில்லை. தங்களுக்கு நடுவே ஓர் ஆள் உட்கார இடம் விட்டிருந்தார்கள். இருபது வயதுகூட மதிக்க முடியாத அந்தப் பெண் பெஞ்சைத் தட்டிக் காட்டினாள்.

"வா தம்பி" என்றாள். "இப்ப நாங்க கூப்பிடுறோம்."